பத்திர ஆபீஸில் கரண்ட் போன கதை

எங்கள் ஊரில் மண்ணரைப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துப் பத்திர ஆபீஸ் ஒன்றைச் சின்ன நாடக அரங்காக மாற்றியிருக்கிறார்கள். சார்பதிவாளர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மேடைதான் இப்போது நாடக மேடை. எதிரே எண்பது நாற்காலி. அங்கே முதல் நாடகம் என் மனைவி அன்புசெல்வியுடையது. எழுதியதும் அவள், தனியாக நடிப்பதும் அவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள்; தைத்து வரும் பண்டில்களைப் பிரித்துக் குறை பார்ப்பது. எட்டு வருஷத்தில் அங்கே உரக்க ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்குள் நாடகம் இருந்தது கட்டிய புருஷன் எனக்கே தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

அரங்கக் குழுத் தலைவர் எங்கள் கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தி. "கூட்டம் கடைசி வரைக்கும் உக்காந்து பாத்துச்சுன்னா மாசம் ஒரு ஞாயித்துக்கெழம அரங்கம் உனக்கு அம்மணி. எந்திரிச்சுப் போயிருச்சுன்னா நாடகத்த மறந்துட்டு ஷிப்டுக்கு வந்துரோணும்," என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

லைட் பொறுப்பு என்னுடையது. கம்பெனி எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, கொஞ்சம் அலட்டல் உண்டு. முதலில் முழு இருட்டு, பிறகு அவள் முகத்தில் மட்டும் வெளிச்சம். யூடியூபில் பார்த்து வைத்திருந்தேன்.

ஞாயிறு மாலை நாற்காலியெல்லாம் நிறைந்தது. அத்தனையும் எங்கள் கம்பெனிச் சனம். ஜன்னல்களைச் சாத்திவிட்டு மெயினை அணைத்தேன்.

"ஓ..." என்று எண்பது பேரும் கத்தினார்கள். கம்பெனியில் கரண்ட் போனால் அப்படித்தான் கத்துவோம்; கத்திக்கொண்டே டீ குடிக்கப் போவோம். இங்கேயும் எழுந்து வாசலுக்கு நடந்தார்கள். "செல்வக்குமாரு, ஜெனரேட்டரப் போடப்பா," என்றார் முதலாளி. அணைத்தவனே நான்தான். ஆனாலும் அந்தக் குரல் கேட்டதும் கால் தானாக வெளியே ஓடிவிட்டது. கட்டடத்துக்குப் பின்னால் இல்லாத ஜெனரேட்டரைத் தேடிக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வருவதற்குள் பாதிப் பேர் எதிர் டீக்கடையில். எல்லாம் போயிற்று, கெடுத்தவன் நானே. அப்போது உள்ளே இருட்டிலிருந்து ஒரு குரல், தெருவரைக்கும் கேட்டது.

"கரண்ட் வந்துருச்சு, எல்லாரும் லைனுக்கு வாங்க! சரக்கு ஏத்தக் கண்டெய்னர் நிக்குது, அங்க யாரு டீயோட பேசிட்டு நிக்கறது?"

எங்கள் சூப்பர்வைசர் பழனாத்தாளின் குரல், அச்சு அசல். சனம் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தது. பழனாத்தாளும் ஓடி வந்து உட்கார்ந்தார்.

லைட்டைப் போட்டேன். மேடையில் இடுப்பில் கை வைத்தபடி என் மனைவி. அப்புறம் எழுந்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. எழுதி வைத்த தொடக்கத்தை விட்டுவிட்டு அங்கிருந்தே ஒரு மணி நேரம் நடித்தாள். யாரும் அசையவில்லை. வயிற்று வலியோடு நின்று கடைசி பண்டிலையும் பார்த்து முடித்துவிட்டுப் பிரசவத்துக்குப் போனவளின் கதை நடுவில் வந்தது. அது அவள் கதைதான். குழந்தை பிறந்த அன்றைக்குக் காலையிலிருந்தே அவளுக்கு வலி என்பது எனக்கு மேடையில் அவள் சொன்னபோதுதான் தெரியும். லைட்டைப் பிடித்துக்கொண்டே அழுதேன்.

முடிந்ததும் முதலாளி மேடைக்கு வந்தார். "அடுத்த மாசம் எந்த ஞாயித்துக்கெழம வேணும், அம்மணி?"

வழக்கம்போலத் தலை குனிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நாலும் வேணுங்க."