கம்பெனி பஸ்ஸில் ஏறிய கொலைகாரன்

மூக்கண்டப்பள்ளி டெல்வினுக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. அதற்கு ஆதாரம் என்று சொல்ல அப்போது ஒன்றுமில்லை. ஓசூரில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். யாராவது நல்ல படம் என்று எதையாவது சொன்னால், "எடிட்டிங் ஓகே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பான். அந்தப் பார்வையைக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தான் என்பதை இப்போது அவனே ஒப்புக்கொள்கிறான்.

நான்காவது செமஸ்டரில் எவாஞ்சலின் மேடம் ஒரு வேலை கொடுத்தார். மூன்று பேர் சேர்ந்து, ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம். அதற்கு இருபத்தைந்து மதிப்பெண். பிறகு அதை முன்பின் தெரியாத இருபது பேருக்காவது போட்டுக் காட்டி, ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதி வாங்கி, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தாங்களே மதிப்பீடு எழுத வேண்டும். அதற்கும் இருபத்தைந்து. மதிப்பீடு என்பது படம் எடுக்கத் தெரியாதவர்களுக்காக வைத்த ஆறுதல் மதிப்பெண் என்று டெல்வின் நினைத்தான். அதை வெளியே சொல்லவும் சொன்னான்.

அவனுடன் சேர்ந்தவர்கள் இருவர். பேரிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மாதேஷ் கேமரா. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன், அதற்கு மேல் ஒரு இம்மியும் செய்ய மாட்டான். எடிட்டிங் பிரவீனா. அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் டெல்வினுக்கு இரண்டு நாள் தூக்கம் வராது.

கதையை டெல்வின் எழுதினான். விடியற்காலை, பனி. தொழிற்பேட்டைச் சாலையில் ஒருவன் தோளில் பையோடு நடந்து வருகிறான். பைக்குள் இருப்பது என்னவென்று காட்டமாட்டோம். ஆனால் பார்க்கிறவர்களுக்கு ரத்தம் உறைய வேண்டும். அவ்வளவுதான் காட்சி. படத்துக்கு நான்கு தலைப்பு வைத்துப் பார்த்து எதுவும் பொருந்தாமல், தலைப்பே இல்லாமல் இருப்பதுதான் மர்மம் என்று முடிவு செய்தான். கொலைகாரனாக யாரைப் போடுவது என்பதிலும் அப்படித்தான். மாதேஷை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஐந்தாவது அடியில் சிரித்துவிட்டான். கடைசியில், இந்தப் பாத்திரத்தின் உள்மனம் புரிந்தவன் நான் ஒருவன்தான் என்று சொல்லி டெல்வினே கறுப்பு ஜெர்கினை மாட்டிக்கொண்டான். அவன் எதிர்பார்த்த மறுப்பு யாரிடமிருந்தும் வரவில்லை.

ஜனவரி மாதம், காலை ஆறே கால். எதிரில் வருகிறவன் முகம் தெரியாத அளவுக்கு ஓசூரில் பனி இறங்கியிருந்தது. வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து டெல்வின் ஒரு விளக்குக் கம்பத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். பிரவீனாவும் மாதேஷும் சாலையின் அதே பக்கம், கொஞ்சம் தள்ளி, ஒரு மூடிய பேக்கரி வாசலில் கேமராவோடு நின்றார்கள். டெல்வின் கையை உயர்த்திக் காட்டிவிட்டு நடக்கத் தொடங்கினான். ஒரு அடி, நிறுத்தம். மறு அடி, நிறுத்தம். தோளைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு.

ஒரு கம்பெனி பஸ் அவன் பக்கத்தில் வந்து நின்றது.

ஏழு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற பஸ். அந்த நேரத்தில், அந்த இடத்தில், ஜெர்கின் போட்டு, தோளில் பை மாட்டிக்கொண்டு ஒருவன் வேறு எதற்கு நிற்பான்? டெல்வின் கையசைத்து அனுப்பிவிட்டான். இரண்டாம் டேக்கில் இன்னொரு கம்பெனியின் பஸ் வந்து நின்றது. அதையும் அனுப்பினான். மூன்றாவது டேக் அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு வந்த மூன்றாவது பஸ்ஸின் டிரைவர் நாராயணப்பன், கையசைத்தால் போகிற ஆளில்லை. பிரேக்கை அழுத்தி, கதவைத் திறந்துவிட்டு ஹாரன் அடித்தார்.

"பேக பாரப்பா, சீக்கிரம் ஏறு. உன் ஒருத்தனுக்காக முப்பது பேரு லேட்டாவணுமா?"

டெல்வின் வாயைத் திறந்தான். அண்ணே, நான் கொலைகாரன் என்று சொல்ல முடியவில்லை. டைரக்டர் என்று சொல்லலாம்தான். ஆனால் முப்பது முகங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தன. படியோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கையை நீட்டினார்.

"ஏறு கண்ணு. புதுசா? மொத நாளு எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும்."

அவன் அந்தக் கையைப் பிடித்து ஏறிவிட்டான். ஏன் ஏறினான் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறான். ஏறச் சொன்னார்கள், ஏறினான். உள்மனம் என்று அவன் சொன்னதெல்லாம் அவ்வளவுதான்.

அந்தப் பெண்மணியின் பெயர் சென்னம்மா; பதினோரு வருடமாகப் பேக்கிங்கில் இருக்கிறார். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்துவிட்டு, அவன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வைத்ததும் ஒரு தரம் தூக்கிப் பார்த்தார்.

"என்னா, பை காத்தாட்டம் இருக்குது? சோறு எடுத்துனு வரலியா?"

இல்லை என்று தலையாட்டினான். அவர் வேறு ஒன்றும் கேட்காமல் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் இரண்டு இட்லியும் சட்னியும் வைத்துக் கொடுத்தார். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் ஊரையே நடுங்க வைக்கப் புறப்பட்டவன் குனிந்து உட்கார்ந்து சாப்பிட்டான். கம்பெனியில் எந்த லைனில் வேலை என்று யாரோ கேட்டதற்கு, இன்னும் சொல்லவில்லை என்றான். பேரிகை போகிற ரோட்டில் கம்பெனி கேட்டுக்கு முன்னால் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் எடுத்தபோது, ஷூ லேஸ் கட்டுகிற மாதிரிக் குனிந்து, அப்படியே பின்வாங்கி, டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தான்.

மாதேஷ் அதே இடத்தில் நின்றிருந்தான். எல்லாம் பதிவாகியிருந்தது.

"நீ கட்டுன்னு சொல்லவே இல்லியேடா. அதான் எடுத்துனே இருந்தேன்."

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டதாகவும், திரும்பி வர ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை என்றும் டெல்வின் மாதேஷிடமும் பிரவீனாவிடமும் சொன்னான். இட்லியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் பிரவீனா அந்த பஸ் காட்சியை லேப்டாப்பில் மூன்று தடவை பார்த்தாள். பனி, பஸ் விளக்கு, நீட்டிய கை, அதைப் பிடிக்கிற பையன். இதையே தொடக்கமாக வைக்கலாம் என்றாள். ஏறுகிறவன் யார் என்று ஒன்றும் தெரியாமல் இருப்பதே பயமாக இருக்கிறது என்றாள். டெல்வின் மறுத்துவிட்டான். டைரக்டர் யார் என்று கேட்டான். அவள் அவன் சொன்னபடியே வெட்டிக் கொடுத்தாள்: பதினாறு அடி நடை, நெஞ்சை அடிக்கிற மாதிரி முரசுச் சத்தம், கடைசியில் பையின் ஜிப்பு மட்டும் தெரிகிற ஒரு க்ளோசப்.

பார்வையாளர்களாகக் காமர்ஸ் முதலாண்டு மாணவர்கள் இருபத்திரண்டு பேர் கிடைத்தார்கள். டெல்வின் அறையின் பின்வரிசையில், தாடையில் கைவைத்து நின்றான். ஆறாவது அடியில் முன்வரிசையில் ஒரு பெண்ணின் தோள் குலுங்கியது. ஒன்பதாவது அடியில் ஒரு வரிசையே குலுங்கியது. ஜிப்பு க்ளோசப்பில் யாரோ "தொறடா" என்றார்கள். தாடையிலிருந்து கையை எப்போது எடுத்தோம் என்று அவனுக்கு நினைவில்லை.

படிவங்களைப் பிரவீனா எண்ணினாள். என்ன வகைப் படம் என்ற கேள்விக்குத் திகில் என்று எழுதியவர்கள் நான்கு பேர். ஒன்பது பேர் நகைச்சுவை என்றும், ஆறு பேர் விளம்பரம் என்றும் எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர், மூட்டுவலித் தைலம் என்று குறிப்பாகவே எழுதியிருந்தார். மூன்று பேர் ஒன்றும் எழுதவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்விக்கு எட்டுப் பேர் "பஸ் வரும்" என்று எழுதியிருந்தார்கள். டெல்வின் அதிர்ந்துபோய்ப் படத்தை மறுபடி ஓட்டினான். அவன் வெளிச்சத்துக்காகத் தேர்ந்தெடுத்த கம்பத்துக்குப் பின்னால், பஸ் நிறுத்தத்தின் மஞ்சள் பலகை படம் முழுக்கத் தெரிந்தது. அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

பையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதினைந்து பேர் ஒரே பதில்: ஒன்றுமில்லை.

இருந்தாலும் டெல்வின் தோற்றுப்போகிற ரகமில்லை. வீட்டில் உட்கார்ந்து மதிப்பீட்டை நான்கு பக்கம் எழுதினான். பார்வையாளர்களின் சிரிப்பு இயக்குநர் முன்கூட்டியே திட்டமிட்ட விளைவு என்றும், திகில் படங்களையே கேலி செய்வதுதான் நோக்கம் என்றும் எழுதினான். எழுத எழுத அவனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மறுநாள் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாதேஷ் படிக்காமலே போட்டான். பிரவீனா முழுவதும் படித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"பஸ்ஸுல ஏறுனியே, அதுவும் திட்டம்தானா?"

டெல்வின் தாள்களைத் திரும்ப வாங்கி மடித்தான். பிறகு, அவனே எதிர்பாராதபடி, எல்லாவற்றையும் சொன்னான். கம்பெனி கேட் வரை போனது, இட்லி, மடியில் வைத்த பை, காத்தாட்டம் இருக்குது என்று சென்னம்மா சொன்னது. சொல்லும்போது முகம் சுட்டது. மாதேஷ் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிரவீனா சிரிக்கவில்லை.

"அப்ப நம்ம படத்துக்கு மொத பதில் சொன்னது அந்தம்மாதான்டா. பை காலின்னு. அத எழுது."

அவன் முதலிலிருந்து எழுதினான். பையில் நாலு செங்கல்லாவது போட்டிருந்தால் தோள் தானாகச் சாய்ந்திருக்கும், நடிக்க வேண்டியிருந்திருக்காது என்று எழுதினான். பஸ் காட்சியைப் பிரவீனா கேட்டபோதே சேர்த்திருக்க வேண்டும் என்று எழுதினான்; அந்த ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா ஜெபசீலி எட்டிப் பார்த்து, என்னடா, யாருக்காவது மன்னிப்புக் கடிதமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வகுப்பில் மதிப்பீட்டைப் படிக்கும்போது அந்த பஸ் காட்சியையும் போட்டுக் காட்ட வேண்டும் என்று பிரவீனா விரும்பினாள். எவாஞ்சலின் மேடம், அதில் முகம் தெரிகிறவர்களின் சம்மதம் வேண்டும் என்றார். மறுநாள் காலை ஆறரைக்கு டெல்வின் அந்தக் கம்பத்தடியில் போய் நின்றான், இந்தத் தடவை மஞ்சள் பலகைக்குக் கீழேயே. பஸ் வந்தது. படியில் நின்றபடி, தான் வேலைக்குச் சேர்ந்தவனில்லை என்றும், அன்றைக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றும் சென்னம்மாவிடம் சொல்லி, போனில் படத்தைக் காட்டினான். அவர் இரண்டு தடவை பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரருக்கும் காட்டினார்.

"காட்டிக்க. நான் நல்லாத்தான் இருக்கறேன். நீதான் அழுவற மாதிரி இருக்கற. பசியா இருந்துச்சா அன்னிக்கி?"

நடித்ததாகச் சொல்ல வாயெடுத்து, ஆமாம் என்றான்.

வகுப்பில் அவன் மதிப்பீட்டைப் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். மூட்டுவலித் தைலம் வந்த இடத்தில் மேடமே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெல்வின் பதற்றத்தில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்து, மாதேஷ் சொல்லித் திரும்ப வந்தான். பிறகு பிரவீனா பஸ் காட்சியை ஓட்டினாள், முரசு இல்லாமல், வெறும் இன்ஜின் சத்தத்தோடு. நீட்டிய கையை அவன் பிடிக்கிற இடத்தில் வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்காகத்தான் பதினாறு அடி நடந்தோம் என்று அவனுக்குத் தோன்றியது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

படத்துக்கு ஒன்பது மதிப்பெண் வந்தது. மதிப்பீட்டுக்கு இருபத்தொன்று, எழுத்துப்பிழைக்குக் குறைத்திருந்தார்கள். ஆறுதல் மதிப்பெண் என்ற தன் பழைய தத்துவத்தை யாரும் நினைவுபடுத்தக் கூடாதே என்று டெல்வின் இரண்டு நாள் கேன்டீன் பக்கம் போகவில்லை. மாதேஷ் மூன்றாம் நாள் நினைவுபடுத்தினான்.

அடுத்த செமஸ்டரில் ஆவணப்படம். ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டை எடுக்கலாம் என்று மூவரும் முடிவு செய்தார்கள். இயக்கம் என்ற இடத்தில் பிரவீனா தன் பெயரை எழுதிக்கொண்டு, உனக்கு என்ன போடட்டும் என்று டெல்வினிடம் கேட்டாள். சவுண்டு என்றான். மைக் பிடிக்கிறவன் முகம் எந்த ஷாட்டிலும் வராது என்பது அவன் கணக்கு. ஆனால் மார்க்கெட்டில் மைக்கைத் தூக்கிக்கொண்டு அவன் கண்ணை இடுக்கி நின்ற நிலையைப் பார்த்து, இரண்டு வியாபாரிகள் ஏலத்தை நிறுத்திவிட்டு, தம்பி உடம்புக்கு என்ன என்று மாதேஷிடம் விசாரித்தார்களாம்.