குறுக்கே ஒரு குடை

பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் பார்ப்பார்கள் என்பது ஹாஜறாவுக்குத் தெரியாத சங்கதியா? கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளை என்பவன் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறவன். அவன் படுக்கப்போகும் அறை அவனுடைய உம்மாவின் கண்ணுக்குப் பிடிக்க வேண்டும். அதற்காகவே மகள் மேனுஜா சுவருக்கு நிறமடித்து, அறை வாசலுக்குப் புதுத் திரை தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். ஹாஜறா மறந்துபோனது ஒன்றைத்தான். வீட்டைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டியவள் பெண்ணைப் பெற்றவள்.

காட்டுவதென்றால் நடக்க வேண்டும். அவளுக்கு ஏலாத காரியம் அதுதான்.

பார்க்கின்சன் நோய் பிடித்து மூன்று வருடமாகிறது. வலக்கை நடுங்கும். வாசல்களில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நகராது. ஊருக்கு அவள் சொன்னது மூட்டுவாதம். கூடப்பிறந்த தம்பி முனாஸுக்கும் அதையேதான் சொல்லிவைத்திருந்தாள். புருஷனும் மௌத்தாகி, ஆண் துணை இல்லாத வீடு. மேனுஜாவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உம்மாவுக்குக் கை நடுங்குகிறது என்று ஒரு வாய் சொன்னால் மறு வாய் சூனியம் என்னும், இன்னொரு வாய் பரம்பரை என்னும். பிறகு அந்த முற்றத்தை எந்தப் புரோக்கர் மிதிப்பார்?

அவள் ஒளிக்காமல் இருந்த இடம் ஒன்றே ஒன்று. சனிக்கிழமைகளில் ஒரு பாலர் பாடசாலை மண்டபத்தில், பாண்டிருப்பைச் சேர்ந்த இயன்மருத்துவர் கிருசாந்தி இந்த நோய்க்காரர்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுப்பாள். தமிழாட்கள், முஸ்லிமாட்கள் என்று ஏழெட்டுப் பேர். பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் முகவாயில் முட்ட உட்கார்ந்து பந்தெறிவார்கள். குரல் அடைக்காமலிருக்க உரத்து எண் சொல்வார்கள். இங்கே கண்டதை வெளியே கதைப்பதில்லை என்பது அவர்களுக்குள் பேச்சு.

நிந்தவூரிலிருந்து வரும், எல்லோருக்கும் அண்ணன் மாதிரியான ஆதம்பாவா காக்காதான் அங்கே கலகலப்பு. அவருடைய விரல்கள் எந்நேரமும் எதையோ உருட்டிக்கொண்டிருக்கும். ஹாஜறாவுக்கு, திக்ர் ஓதும் தஸ்பீஹ் மணிமாலையைக் கையிலெடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"விரல் உருண்டா திக்ர் செய்றதெண்டு நினைப்பாங்க தங்கச்சி. ஊரில என்னைப் பெரிய மகான், அவுலியா எண்டு ஆக்கிப் போட்டாங்க. பொஞ்சாதிக்கு மட்டும்தான் விசயம் தெரியும். மகனுக்கும் சொல்லல்ல."

மழையோ வெயிலோ, அவர் கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். கம்பு ஊன்றினால் நோயாளி, குடை ஊன்றினால் வயல்காரப் போடியார் என்பார். மண்டப வாசலில் ஹாஜறாவின் கால் ஒட்டும் போதெல்லாம் எழுந்து வந்து, அந்தக் குடையை அவள் காலுக்கு முன்னால் குறுக்கே வைப்பார். வெறுந்தரையில் நகர மறுத்த கால், குடையைக் கண்டதும் தூக்கித் தாண்டிவிடும். அது என்ன மாயமென்று கிருசாந்தி விளக்கியதெல்லாம் ஹாஜறாவின் தலையில் ஏறவில்லை. காக்காவின் குடையில் ஏதோ பறக்கத், இறையருள் இருக்கிறது என்றுதான் அவள் நம்பினாள்.

புரோக்கர் கொண்டுவந்த சம்பந்தமும் நிந்தவூர்தான். குடி என்கிற வம்சம் அந்தப் பக்கத்தில் தாய்வழியில் வருவதால் அவர் மாப்பிள்ளையின் உம்மா சல்மா உம்மாவின் பெருமையைத்தான் அளந்தார். வாப்பா யாரென்று யாரும் துருவிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேன் வந்து நின்றது. நடுக்கத்துக்கான குளிசையை நேரம் பார்த்து விழுங்கிவிட்டு, எழும்பவே கூடாது என்ற முடிவோடு ஹாஜறா கதிரையில் இருந்தாள். முனாஸ் வாசலில் நின்று வரவேற்றான். முதலில் சல்மா உம்மா இறங்கினாள். பின்னால் அவளுடைய தங்கச்சி. கடைசியாக, கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு அவளுடைய புருஷன், ஆதம்பாவா காக்கா.

இரண்டு பேரும் கண்டும் காணாத மாதிரி ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். காக்கா அறை வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து தஸ்பீஹை எடுத்தார். ஹாஜறாவின் கையிலும் மணி உருண்டது.

"ரெண்டு சம்பந்தியும் திக்ரோடதான் இரிக்கிறாங்க. பொருத்தமெண்டா இதல்லவா பொருத்தம்" என்றாள் சல்மா உம்மாவின் தங்கச்சி.

ஹாஜறாவின் நெஞ்சு குளிர்ந்துபோனது. இந்த உலகத்தில் தன்னைக் கண்டு முகம் சுளிக்காத ஒரே குடும்பத்தை அல்லாஹ் தேடி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாள். பலகாரம் முடிந்தது. மேனுஜாவையும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அப்போதுதான் சல்மா உம்மா எழும்பினாள்.

"வாங்க மச்சி, வீட்டக் காட்டுங்க."

மேனுஜா பதறிப்போய்த் தான் காட்டுவதாகச் சொன்னாள். சல்மா உம்மா சிரித்தாள். "பொண்ணே அறையக் காட்டுறதா? நல்ல கூத்து."

வேறு வழியில்லாமல் ஹாஜறா எழும்பினாள். ஹோலைக் கடந்துவிட்டாள். புதுத் திரை தொங்கிய அறை வாசலில் கால்கள் நின்றுவிட்டன. உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது. பாதம் ஆணி அடித்த மாதிரி அசைய மறுக்கிறது. கையிலிருந்த மணி கடகடவென்று ஆடியது. வீடே அவளைப் பார்த்தது.

ஒரு எட்டுத் தூரத்தில் காக்கா. மடியில் குடை.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். குடையின் நுனி கொஞ்சம் சரிந்து தரையை நோக்கி வந்தது. சல்மா உம்மாவும் அவரைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். குடை பழையபடி நிமிர்ந்துகொண்டது. காக்கா கண்ணை மூடி மணியை உருட்டினார்.

மேனுஜா ஓடிவந்து உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தால் உம்மா விழுந்துவிடுவாள் என்பது அவளுக்குத் தெரியாது. ஹாஜறா திரையையும் பிய்த்துக்கொண்டு முகங்குப்புற விழுந்தாள்.

தூக்கியது சல்மா உம்மாதான். கையைப் பிடித்து இழுக்கவில்லை. இடுப்பில் அணைத்து, பாதத்தைச் சரியாக ஊன்றவைத்து, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆட்டிவிட்டு, "ம், இப்ப எழும்புங்க" என்றாள். வீட்டில் இதே வேலையைச் செய்து பழகிய கை அது. அந்தக் கை தன்னைத் தொட்ட விதத்திலேயே நோய் பிடிபட்டுவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஹாஜறாவுக்கு விளங்கியது. முனாஸ் தலைச்சுற்று என்று சமாளித்தான். ஓம் ஓம், வெயில்தானே என்று சல்மா உம்மாவும் ஒத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் புரோக்கர் அழைப்பெடுத்தார். மகனுக்கு இப்போது கலியாண யோசனை இல்லையாம்.

மேனுஜா ஏசவில்லை. கிழிந்த திரையை மடித்துக்கொண்டே, "இனி அந்தச் சனிக்கிழமக் கூட்டத்துக்குப் போகாதீங்க உம்மா. ஆரும் கண்டா, மிச்சமிரிக்கிறதும் போயிரும்" என்றாள். ஹாஜறா தலையாட்டினாள். கிருசாந்தியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவதாகக் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மண்டப வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. உள்ளே கிருசாந்தி கைதட்டி எண்ண, மற்றவர்கள் கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காக்கா குட்டிக் கதிரையிலிருந்து சிரமப்பட்டு எழும்பி வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, குடையைக் குறுக்கே வைத்தார்.

"தாண்டுங்க தங்கச்சி."

"இஞ்ச ஆரும் பாக்க மாட்டாங்க, என்ன காக்கா?" என்றாள் ஹாஜறா.

  குடையை எடுக்கக் குனிந்தவருக்கு அங்கேயே கால் ஒட்டிக்கொண்டது. கையில் தஸ்பீஹும் இல்லை. விரல்கள் வெறுமனே உருண்டுகொண்டிருந்தன. அவளால் தாண்டவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. குடைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். உள்ளே "ஒண்டு... ரெண்டு..." என்று எண்ணிக்கை நடந்துகொண்டேயிருந்தது.

கடைசியில் அவளை ஏற்றிவந்த ஆட்டோக்காரர்தான் இறங்கி வந்து, ஹாஜறாவைத் தோளில் பிடித்து மெல்லத் திருப்பி, வண்டிக்குக் கூட்டிப்போனார்.