கம்பி இல்லாத படம்

படத்தில் சர்ச்சின் வடக்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

ஸ்டூடியோக்காரர் வழக்கம்போலப் பழியைத் தூக்கிக் கேமராவின் தலையில் போட்டார். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், சபை மலருக்கு உட்புறப் படம் கேட்டிருந்தார்கள். ஸ்டாண்டைச் சரிபார்த்தார், ரசமட்டத்தின் குமிழ் நட்டநடுவில் நின்றது. மறுபடி எடுத்தார். சுவர் மறுபடி சாய்ந்தது. ஸ்டூடியோவுக்கு ஓடி, போன வருஷத்துக் கல்யாணப் படம் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே இடம், அதே லென்ஸ். அதில் ஜன்னல்கள் நேராக நின்றன. மணமக்களின் தலைக்கு மேலே சுவருக்குச் சுவர் ஒரு தடித்த இரும்புக் கம்பி ஓடியது. புதுப் படத்தில் அந்தக் கம்பி இல்லை.

அந்தக் கம்பியைக் கழற்ற வைத்த புண்ணியவான் அவர்தான்.

அந்த ஊர் பிரஸ்பிட்டேரியன் சர்ச்சில் கண்ணுக்கு விருந்தாக ஒன்றும் கிடையாது. கட்டியவர்கள் அப்படி. சிலை வேண்டாம், வண்ணக் கண்ணாடி வேண்டாம், வசனம் காதில் விழுந்தால் போதும் என்று நடுவில் உயரமான பிரசங்க பீடம், சுற்றிலும் வெள்ளைச் சுவர், பக்கங்களில் மரக் கேலரி என்று முடித்துக்கொண்டார்கள். எளிமைக்குப் பெயர்போன அந்த மகான்கள் கூரை விஷயத்தில் மட்டும் சறுக்கினார்கள். அடுத்த தெருவில் இன்னொரு சபை கட்டிய சர்ச்சைவிட ஒரு முழமாவது உயரம் வேண்டுமென்று கல்பலகைக் கூரையைத் தூக்கி நிறுத்தினார்கள். பாரம் சுவர்களை வெளியே தள்ள, இரண்டையும் இழுத்துப் பிடிக்கக் கம்பி போட்டார்கள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி. வீம்புக்குக் கட்டி விழப் பார்த்தது என்று பெற்ற பிள்ளைகளிடம் யார் சொல்வார்கள்? விளக்குத் தொங்கவிடுகிற கம்பி என்று சொல்லிவைத்தார்கள். வெளிச்சுவரில் கம்பியின் முனையைப் பிடித்திருந்த இரும்புத் தகட்டை நட்சத்திரம் என்று எல்லோரும் ரசித்தார்கள்.

இந்தச் சபையில் பாஸ்டர் தனியாக ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. மூப்பர்கள் கூடிக் கை தூக்க வேண்டும். ஸ்டூடியோக்காரரும் மூப்பர். "விளக்கே இல்ல, கம்பி எதுக்கு? எந்தக் கல்யாணப் படத்தைப் பாத்தாலும் பொண்ணு தலைக்கு மேல துணிக்கொடி கட்டின மாதிரி இருக்கு" என்று அன்றைக்கு முழங்கினார். கை தூக்காதவர் மரக்கடைக்காரர் ஒருவர்தான், ஸ்டூடியோக்காரர் மனைவியின் அண்ணன்.

"சும்மா கிடக்கிற கம்பி இவ்வளவு விறைப்பா இருக்காது மாப்ள. அது எதையோ புடிச்சிட்டிருக்கு."

"மச்சான் ஒரு பழைய ஆணியவே கைவிட மாட்டார், கம்பியவா விடுவார்?"

கூட்டம் சிரித்தது. நாலு நாளைக்கு முன்னால் கம்பி இறங்கியது. அதில் பாதியில்தான் இப்போது பாஸ்டரம்மா துணி காயப்போடுகிறார்.

ஸ்டூடியோக்காரர் சுவரோரப் பெஞ்சுக்குப் போனார். முன்பெல்லாம் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே பாட்டுச் சீட்டுகூட நுழையாது. இப்போது அவர் கை மணிக்கட்டு வரை போயிற்று. உள்ளே காற்று ஜில்லென்றிருந்தது. கேலரிப் படியேறினார். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் படாத வெளுத்த மரம். இத்தனை காலம் சுவருக்குள் ஒளிந்திருந்த மரம், மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடியில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

நாளைக்கு அந்தக் கேலரியில்தான் பிள்ளைகளின் பாட்டுக்குழு. முன்வரிசையில் அவர் மகள்.

கால் தானாக மரக்கடைக்கு நடந்தது.

"மச்சான், பழைய கட்டடத்துல உத்திரம் சுவத்துக்குள்ள எவ்வளவு போயிருக்கும்?"

"எதுக்கு? மாடி எடுக்கப் போறியா?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேட்டு நான் பாத்ததில்ல. ஒரு சாண் இருக்கும். கஞ்சனா இருந்தா அதுல பாதி." மைத்துனர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மாப்ள, மூஞ்சிக்கு வெள்ளையடிச்சிட்டு வந்திருக்க?"

சாணில் பாதி என்றால் நாலு விரல் போக மிச்சம் எவ்வளவு? சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாய்தான் கம்பியை எடுக்கச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நாலு நாள் தாங்கின சுவர் நாளைக்கும் தாங்காதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். அவர் மனசே அதை நம்பவில்லை.

மறுநாள் சர்ச்சில் எள் போட இடமில்லை. மேலிருந்து மகள் கையாட்டினாள். பாஸ்டர் பாட்டு எண்ணைச் சொன்னார். பிள்ளைகள் தடதடவென்று எழுந்தார்கள். உத்திரம் லேசாக முனகிற்று. கேட்டது அவர் ஒருவருக்குத்தான். எழுந்துவிட்டார்.

"பாஸ்டர், வெளிச்சம் போயிடும். முதல்ல குரூப் போட்டோ. எல்லாரும் வெளிய வாங்க. கேலரி முதல்ல."

"ஆராதனை ஆரம்பிச்சாச்சேப்பா."

"அஞ்சே நிமிஷம். வானம் மூடுது."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஆனால் தீ என்று கத்தியிருந்தால்கூட ஜனம் இவ்வளவு வேகமாக நகர்ந்திருக்காது. முன்வரிசைக்கு அவ்வளவு போட்டி. புடவை மடிப்பைச் சரிசெய்தபடி பெண்கள், தலை சீவியபடி மூப்பர்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படியிறங்கின. கடைசியில் வந்த மகள், பாட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டேன் என்று திரும்ப மேலே ஓடினாள்.

அவரும் ஓடினார். முழங்கால் வலிக்காரர், இரண்டிரண்டு படியாகத் தாவினார். வெளுத்த மரம் நேற்றைவிட அகலமாக இருந்தது. கண்ணை அங்கிருந்து பிடுங்கி, பெண்ணை அள்ளிக்கொண்டு இறங்கினார்.

"அப்பா, நான் என்ன சின்னக் குழந்தையா? எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

வெளியே புல்தரையில் நிற்க வைத்து எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். உயரமானவர்களைப் பின்னால் போகச் சொன்னார், மறுபடி முன்னால் வரச் சொன்னார்.

"மாப்ள, சிரிச்சுச் சிரிச்சுத் தாடை வலிக்குது. விட்டுரு."

"போதும், உள்ள போகலாம்" என்று பாஸ்டர் கிளம்பினார்.

ஸ்டூடியோக்காரர் கேமரா ஸ்டாண்டை வாசலுக்குக் குறுக்கே போட்டார். "யாரும் உள்ள போகாதீங்க. சுவர் விலகுது. கம்பிய எடுக்கச் சொன்னது நான். மச்சான் அன்னிக்கே சொன்னார்." குரல் அவருடையது மாதிரியே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. மரக்கடைக்காரர் மட்டும் அவரை விலக்கிவிட்டு உள்ளே போனார். திரும்பி வர ஒரு யுகம் ஆனது போலிருந்தது. குத்திக்காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்கப்போவதில்லை. ஆனால் முகம் செத்துப்போயிருந்தது. "பாஸ்டர், பிள்ளைங்கள மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போங்க. மெதுவா" என்று மட்டும் சொன்னார். மச்சான் கிண்டல் பண்ணாததுதான் ஸ்டூடியோக்காரரை அதிகம் பயமுறுத்தியது.

மரத்தடியில் பாட்டின் இரண்டாம் சரணம் முடிகிற நேரம், உள்ளே பெரிய கதவு ஒன்றைச் சாத்தினது போல ஒரே ஒரு சத்தம். ஜன்னல் வழியாகப் புழுதி வந்தது. கேலரியின் வடக்கு முனை கீழே பெஞ்சுகளின் மேல் படுத்திருந்தது. பாட்டு நின்றது. மகள் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

சுவருக்கு முட்டுக் கொடுத்து, கேலரியைத் தூக்கி, பாஸ்டரம்மாவின் கொடியையும் பிடுங்கி ஒட்டுப் போட்டுக் கம்பியைப் பழையபடி மாட்டினார்கள். அந்தம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். குரூப் போட்டோ எங்கே என்று சபையார் இன்றைக்கும் கேட்கிறார்கள். கேமராவில் அன்று மெமரி கார்டே போடவில்லை என்பது மைத்துனருக்கு மட்டும் தெரியும். அவரும் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

இப்போது கல்யாணப் படமெடுக்கிறபோது, பெண் வீட்டார் யாராவது, "அந்தக் கம்பி படத்துல விழாம எடுங்களேன்" என்பார்கள். ஸ்டூடியோக்காரர் கேமராவுக்குள் முதலில் கம்பி முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் பெண்.