மழைக்காலத்து மேடம்

அந்த ஆடி மாதம் தாராவியில் வாழைநார் காய்ந்தது வெயிலில் அல்ல, உமாமகேஸ்வரியின் வயிற்றெரிச்சலில். வெயில் இருந்தால்தானே காய்வதற்கு? பக்கத்துச் சயான் ஸ்டேஷனில் தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றது, உப்பு ஜாடிக்குள்ளேயே கரைந்தது, ஜனங்கள் துவைத்த சட்டையை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அப்படிப்பட்ட மழையில் அவள் பயிற்சி நடத்திய மாடி ஹாலில் மட்டும் நார் மொடமொடவென்று தொங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அப்பளத்தட்டைக் கொண்டுவந்து ஓரமாக வைத்து, காய்ந்ததும் எடுத்துப் போனார்கள்.

உமாமகேஸ்வரி வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் தங்கபாண்டி சைக்கிளில் இட்லி விற்பவர். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கட்டப் போன இடத்தில் அவள் வாழைநாரில் கை வைத்தாள். பூக்கடையை விட்ட பிறகும் நாரை விடவில்லை. கூடை, பை, கால்மிதி என்று பின்னிக்கொண்டிருந்தவளை ஒரு தொண்டு நிறுவனம் கண்டுபிடித்து, கல்யாண் நகருக்கு அப்பால் மலையடிவாரக் கிராமங்களின் பெண்கள் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தது. அந்தப் பெண்கள் குலை வெட்டிய வாழையின் மட்டைகளோடு ரயிலின் லக்கேஜ் டப்பாவில் ஏறி சயானில் இறங்குவார்கள். மட்டையைச் சீவுவது, நார் உரிப்பது, காயவைப்பது, சடை போடுவது எல்லாம் அவளிடம்தான் படித்தார்கள். நல்ல டீச்சர், ஆனால் கண்டிப்பு அதிகம்; சடை கோணினால் ஒரு வார்த்தை பேசாமல் முழுக்கப் பிரித்துப் போட்டுவிடுவாள். அவளை மேடம் என்றார்கள். மேடம் என்பதும் மரியாதை, நாற்காலி என்பதும் மரியாதை. இரண்டிலும் ஆள் தனியாகத்தான் உட்கார வேண்டும். பல வருடம் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், குறையொன்றும் தெரியவில்லை.

குழுக்கள் பெருகியபோது ஒத்தாசைக்கு ஜெபசெல்வியைக் கூட்டிவந்ததும் அவளேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்று தங்கபாண்டி பின்னால் சொன்னார். ஜெபசெல்வி தாராவியிலேயே பிறந்தவள், மராத்தி நாக்கில் புரளும். சடை கோணினால் அவளும் கோணலாகப் பின்னிக் காட்டிச் சிரிப்பாள். தரையில் சப்பணமிட்டு, அந்தப் பெண்கள் கட்டிவந்த பாக்ரி ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்பாள். வந்த முதல் வாரமே குழுத்தலைவி சக்குபாய் அவளைத் "தாயி" என்று கூப்பிட்டாள், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். தாயி என்றால் மராத்தியில் அக்கா, அவ்வளவுதான். அது உமாமகேஸ்வரிக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் காது வள்ளியூரில் பிறந்த காது. காய்ச்சலில் கிடந்தபோது அம்மா நெற்றியைத் தடவி "ஒண்ணுமில்ல தாயி" என்று சொன்ன வார்த்தை அது. இத்தனை வருடம் கற்றுக்கொடுத்த தன்னைத் தாண்டி, நேற்று வந்தவளிடம் போகிறது. அவளுக்கு அந்த வார்த்தை வேண்டும். சம்பளத்தைவிட, மேடையில் போர்த்தும் சால்வையைவிட அதுதான் வேண்டும். வாய்விட்டுக் கேட்டு வாங்குகிற பொருளா அது?

அந்த வார்த்தை முதலில் காதில் விழுந்த அன்று மத்தியானமே வயிறு எரியத் தொடங்கியது. சேலைக் கொசுவம் இஸ்திரி போட்டதுபோல் நின்றது. வீட்டில் இட்லி மாவு அவள் பக்கத்தில் வைத்தாலே பொங்கிற்று. "ஏட்டி, நீ அடுக்களைப் பக்கமே வராத. மாவு புளிச்சு வழிஞ்சு ஓடுது" என்று தங்கபாண்டி சட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். சயானில் ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்து, விரலை ஊதிக்கொண்டே அசிடிட்டி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது கேட்கவில்லை.

இதற்கிடையில் மாட்டுங்கா ஷ்யாமளா மாமி கொலுவுக்குத் தாம்பூலக் கூடை கேட்டிருந்தாள். அவளும் சிநேகிதிகளுமாகச் சேர்ந்து கேட்டதில் அது பெரிய ஆர்டராகிவிட்டது. "பிளாஸ்டிக் டப்பாவே வேண்டாம்னு தீர்மானம் பண்ணிட்டோம். நவராத்திரிக்கு முன்னாடி வந்துடணும், அப்புறம் வந்தா அதை வெச்சுண்டு நான் என்ன பண்றது?" என்றாள். இது தவறினால் பயிற்சியையே நிறுத்திவிடுவதாக நிறுவனமும் சொல்லிவிட்டது. மழையோ விடவில்லை. உரித்த நாரெல்லாம் பூசணம் பிடித்துக் கறுத்தது. அப்போதுதான் சக்குபாய் கவனித்தாள்: மேடத்தின் நாற்காலியில் சாய்ந்து கிடந்த ஒரு பிடி நார் மட்டும் பொன்னிறமாகக் காய்ந்திருந்தது. யாராவது "தாயி" என்று கூப்பிடும்போதெல்லாம் அது படபடவென்று சத்தம் போட்டது. மறுநாள் நாற்காலியைச் சுற்றிக் கொடி கட்டினார்கள். காரணத்தை யாரும் சொல்லவில்லை, உமாமகேஸ்வரியும் கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே! உதட்டைக் கடித்துக்கொண்டு நாருக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முடிந்த கூடைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று.

ஜெபசெல்விக்குத்தான் பொறுக்கவில்லை. அக்காவின் முகம் கருகிக்கொண்டு போவதைப் பார்த்து, ஒரு நாள் பெண்களிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தாள். மறுநாள் காலை உமாமகேஸ்வரி படியேறியதும் சக்குபாய் டீ கிளாஸை நீட்டி, "தாயி, சாய்" என்றாள். ஒவ்வொருத்தியும் தாயி என்றாள். அவள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அன்று முழுக்கத் தரையில் அவர்களோடு உட்கார்ந்து பாக்ரி தின்றாள், கோணல் சடையைப் பார்த்துச் சிரித்தாள். வயிறு குளிர்ந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் கொடியில் நார் துவண்டது. அடுத்த நாள் கரும்புள்ளி விழுந்தது.

கூடை இன்னும் பாதி பாக்கி. பெண்கள் நாரைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். உமாமகேஸ்வரி கறுத்த நாரை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி செல்வி, என்னைய மேடம்னே கூப்பிடச் சொல்லு. ஒன்னையத் தாயின்னு கூப்பிடச் சொல்லு. என் காதுல விழுற மாதிரி."

"வேண்டாம்க்கா. ஒங்களுக்கு எரியுமே."

"எரியட்டும். எரியாம நாரு எப்படிக் காயும்?"

தானே கேட்டு வாங்கியது எரியாது என்று எல்லோரும் பயந்தார்கள். சக்குபாய் தயங்கித் தயங்கி ஜெபசெல்வி பக்கம் திரும்பித் "தாயி" என்றாள். தெரிந்து கேட்டாலும் எரிந்தது. பொறாமைக்கு ஏது வெட்கம்? கொடியில் நார் படபடத்தது. கொலுவுக்குக் கூடைகள் போய்ச் சேர்ந்தன. சுண்டல் வாங்க வந்தவர்கள் கூடையைத் தொட்டுப் பார்த்து, இந்த மழையில் எப்படிக் காயவைத்தார்கள் என்று கேட்டார்கள். ஷ்யாமளா மாமி தெரியாது என்றாள்.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தீபாவளி முதல் வைகாசிவரை உமாமகேஸ்வரி தாயி. தரையில் உட்காருவாள், அவள் வீட்டில் மாவு ஒழுங்காகப் புளிக்கும். முதல் மழை விழுந்ததும் சக்குபாய் ஊரிலிருந்து போன் போட்டு, "மேடம்" என்பாள். உமாமகேஸ்வரி வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். சூடு ஏறியிருக்கும். மட்டையை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கொடி கட்டப் போவாள்.