சம்பந்தி ஊற்றிய சொதி

என் அக்காள் உலகம்மாளைப் போல ஒரு பிடிவாதக்காரியைத் தாமிரபரணிக் கரையில் நான் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, மெச்சித்தான் சொல்லுகிறேன். என் அத்தான் ஆவுடைநாயகம் பிள்ளை தம் மகளைத் தம் கையாலேயே தாரை வார்த்துக் கொடுத்தார் என்றால், அது அந்தப் பிடிவாதத்தின் புண்ணியம்.

அத்தானுக்கு நாக்கு நாலு முழம். சேரன்மகாதேவியில் எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று தெருவில் நடந்துகொண்டே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு ஐப்பசியில் முகம் வீங்கியது, பிறகு கால் வீங்கியது, நீர் சரியாக இறங்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் அவருடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சூடாக்கிக் காட்டினார். வெள்ளையாகத் திரண்டது. சிறுநீரகம் கெட்டிருக்கிறது, இதற்கு மருந்தைவிடச் சாப்பாடுதான் வைத்தியம் என்றார். உப்பு அறவே கூடாது. பருப்பு கூடாது. ஊறுகாய், அப்பளம், வற்றல் பக்கம் திரும்பக்கூடாது. பாலும் தண்ணீரும் அளவோடுதான்.

சைவப் பிள்ளைமார் வீட்டில் உப்பையும் பருப்பையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாழை இலைதான் என்று நான் சொன்னேன். அக்காள் சிரிக்கவில்லை. மறுநாளே அடுப்படியைப் புதிதாகப் படிக்கத் தொடங்கினாள்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவள் சமையல் குப்பைக்குப் போகவில்லை. சுரைக்காயையும் பூசணியையும் வேகவைத்து, வெந்த தண்ணீரை இறுத்துக் கொட்டிவிடுவாள். காய்க்குள் இருக்கிற உப்பும் போகட்டும் என்பாள். பிறகு மல்லி விதையை வறுத்துப் பொடித்துத் தூவுவாள். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து, இஞ்சி தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிவாள். அத்தான் இலையைத் தள்ளுவார். அவள் திரும்பவும் முன்னால் நகர்த்துவாள். கோபித்துக்கொண்டு எழுந்து போவார். பசித்துத் திரும்பி வந்தால் அதே சோறு அதே இடத்தில் இருக்கும். கடைசியில் பசி ஜெயித்தது. தை பிறந்தபோது வீக்கம் வடிந்து, மனிதர் பழைய முகத்துக்கு வந்துவிட்டார்.

மாசியில் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்குத் தனியாகப் போனவர், ஒரே ஒரு பந்தி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தார். கால் மறுபடி வீங்கியது. படுக்க முடியாமல் மூச்சு முட்டியது. இன்னொரு தரம் இப்படி ஆனால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் கையை விரித்தார்.

வைகாசியில் மகள் கோமுவுக்குக் கல்யாணம். சம்பந்தி தில்லைநாயகம் பிள்ளை திருநெல்வேலி டவுனில் பெரிய வியாபாரி. நல்ல மனிதர், ஆனால் மூக்கு நுனியில் கோபம். நோயாளி வீட்டுப் பெண் என்று தட்டிவிடுவார்களோ என்று பயந்து, அத்தானின் உடம்பைப் பற்றி நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. தாலி கட்டு நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் மாப்பிள்ளைச் சொதி என்கிற விருந்து. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயுமாகத் சமையல்காரத் தவசிப்பிள்ளை வைத்த சொதி வாசலிலேயே ஆளை இழுத்தது. அத்தானுக்கென்று அக்காள் உப்பும் பருப்பும் இல்லாமல் சிறு பானையில் தனியாக வைத்திருந்தாள். பரிமாறுகிறவனிடமும் சொல்லியாயிற்று. எல்லாம் யோசித்த நாங்கள் ஒன்றை மறந்துபோனோம். அந்தப் பந்தியில் மாப்பிள்ளையின் தகப்பனார் தம் கையால் பெண்ணின் தகப்பனார் இலையில் முதல் சொதியை ஊற்றவேண்டும். அதை இவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஊற்றியவர் சாப்பாட்டில் கை நனைப்பார். மறுத்தால் உறவை மறுத்ததாக அர்த்தம்.

தில்லைநாயகம் பிள்ளை பெரிய பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, அத்தான் இலையில் தாராளமாக ஊற்றினார்.

“சாப்பிடும் வே, சம்பந்தி.”

அத்தான் சோற்றைப் பிசைந்தார். நான் பக்கத்து இலையில் இருந்தேன். அவருக்கு ஆசையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அடுப்படி வாசலில் நின்ற கோமுவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். வருவது வரட்டும், மகள் வாழட்டும் என்று முடிவுகட்டிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று.

அப்போது ஆண்கள் பந்திக்குள் அக்காள் விறுவிறுவென்று வந்தாள். குனிந்து, இரண்டு கையாலும் அந்த இலையை எடுத்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தவர் முன்னாலிருந்து இலையை எடுப்பதைவிட அவமானம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தில்லைநாயகம் பிள்ளையின் முகம் சிவந்தது.

“அண்ணாச்சி, இவுகளுக்கு நீரு எறங்காத வியாதி. உப்புச் சேந்தா உசுருக்கு ஆவாது. மறைச்சது எங்க தப்பு,” என்றாள் அக்காள். குரல் நடுங்கவில்லை. “ஆனா நீங்க ஊத்துன சொதி வீணாப் போவாது. புருசன் கை வச்ச இலையில பொண்டாட்டி சாப்பிடுதது நம்ம வழக்கம்லா. இது என் இலை.”

சொன்னதோடு நிற்கவில்லை. அங்கேயே, அத்தனை ஆண்களுக்கு நடுவில், அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். ராணி மாதிரி இருந்தாள் என் அக்காள்.

தில்லைநாயகம் பிள்ளை அவள் கடைசி வாய் சாப்பிடும்வரை பார்த்திருந்தார். பிறகு புது இலை போடச் சொன்னார். சின்னப் பானையைக் கேட்டு வாங்கி, அந்த உப்பில்லாச் சொதியைத் தாமே அத்தானுக்கு ஊற்றினார். மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா வே என்று மெதுவாகக் கடிந்துகொண்டார். அத்தான் சாப்பிட்டு முடித்ததும், அவரும் கை நனைத்தார்.

பந்தி முடிந்ததும் அவளைப் பாராட்டுவதற்காகக் கொல்லைப்புறம் ஓடினேன். கிணற்றடியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு அழுகை என்று கேட்டேன்.

“ஏலே கைலாசம், ஐப்பசியிலேருந்து நானும் அவுக சாப்பிடுததத்தானலே சாப்பிடுதேன். இன்னைக்கு நாக்குல உப்புப் பட்டதும்...” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ரொம்ப நல்லாருந்துதுலே. அவுக பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்காக, நான் ருசிச்சு ருசிச்சு வழிச்சுத் தின்னுட்டேனே.”