கடைசி லாரிக்கு முன்னால்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவிக்குப் பின்னால் ஓடுவதற்கு ஊரில் ஒரு ஆள் பாக்கி இல்லை. அவளுக்குப் பின்னால் வந்தது எங்கள் லாரி மட்டும்தான்.

மாரத்தான் ஓட்டத்துக்குத் தடுப்பு போடுவதும் எடுப்பதும் எங்கள் வேலை. இடுப்புயர இரும்புச் சட்டம். ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் வளையம். ஒன்றோடு ஒன்றை மாட்டிக்கொண்டே போனால் வேலி. முதல் நாள் முழுக்க இரண்டாயிரம் மாட்டி, ஊரை நடுவில் இரண்டாகப் பிளந்து வைத்திருந்தோம். இந்தப் பக்கத்து மனிதன் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் சுரங்கப்பாதையைத் தேட வேண்டும். இல்லையென்றால் எங்களைத் திட்டிக்கொண்டே நிற்க வேண்டும். பெரும்பாலோர் நின்று திட்டினார்கள்.

ஓட்டம் இருபத்தொரு கிலோமீட்டர். ஆறு மணிக்குத் தொடக்கம், ஒன்பதரை மணி கெடு. கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷம் என்று வைத்து, மஞ்சள் கொடி கட்டிய எங்கள் லாரி பின்னாலேயே வரும். வரவரத் தடுப்புகளைக் கழற்றி ஏற்றுவோம், தெரு திறந்துகொள்ளும். லாரி யாரைத் தாண்டுகிறதோ அவருக்கு அன்றைக்கு அவ்வளவுதான். மரியாதையாகக் கைகொடுத்து லாரியில் ஏற்றிக்கொள்வோம். பதினாறாவது கிலோமீட்டர் வருவதற்குள் இருபது பேரை ஏற்றியாகிவிட்டது. கால் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, ஆளுக்கொரு தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

என் மனைவி இருநூறு தப்படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஓட்டம் என்றும் சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது. வார்டு மணி அடித்துவிட்டால் தாழ்வாரத்தில் போவாளே, அந்தப் போக்கு. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள் அவள்.

அவளை இதில் மாட்டிவிட்டவன் நான்தான்.

கூட வேலை பார்க்கும் மூன்று பெண்கள் ஓடப் பெயர் கொடுத்தார்கள் என்று இவளும் கொடுக்க ஆசைப்பட்டாள். "எனக்கும் அந்தப் படிவத்தை எழுதிப் போடுங்க" என்றாள். நான் எழுத்துக் கற்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அப்போதெல்லாம் படிவம் என்றால் எனக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. பேர், வயது, விலாசம் எல்லாம் முத்து முத்தாக எழுதினேன். கடைசியில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் பத்து கிலோமீட்டர், மற்றதில் இருபத்தொன்று. பத்து சின்னப் பிள்ளைகளுக்காக இருக்கும் என்று நினைத்து இருபத்தொன்றில் குறி போட்டுவிட்டேன்.

எண் அட்டை வந்த அன்று வீடே இரண்டுபட்டது.

"எனக்குப் பத்துதானே வேணும்!"

"நீ ஒரு நாளைக்கு மாப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறதே பத்து இருக்கும். பெரிய மனுஷிக்கு அதைப் போய் ஓட்டம்னு வைப்பாங்களான்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க! வாயில்லையா, கேட்கிறதுக்கு?"

மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். அவர்கள் மூவருக்கும் பத்துதான். மறுநாள் இவள் நீளமான ஆணி ஒன்றை எடுத்துப்போய், மாப்பு, வாளி வைக்கிற அறைச் சுவரில் அடித்துவிட்டு வந்தாள். ஓடி முடிக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு பதக்கம் உண்டு. அதை மாட்டத்தான் ஆணி. நான்கு மாதமாக அந்த ஆணி சும்மாவே நின்றது. அறைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வாளியை எடுத்தார்கள். இவள் விடியலுக்கு முன்னால் எழுந்து ஓடி, பிறகு வேலைக்குப் போனாள்.

பந்தயத்தன்று கிளம்பும்போது செருப்பு மாட்டப் போன என்னை நிறுத்திச் சொன்னாள்: "எனக்காக லாரியை ஊர வெச்சீங்கன்னு தெரிஞ்சுது, அந்த ஆணியில உங்களைத்தான் மாட்டுவேன்."

ஊர வைக்கவில்லை. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் லாரி நிமிஷம் பிசகாமல்தான் தொட்டது.

பதினாறாவது கல்லில், எட்டு நாற்பதுக்கு, மேஸ்திரியின் கையிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. பத்தொன்பதாவது கிலோமீட்டரில் இருக்கிற பெரிய நாற்சந்தியில் கூட்டம் தாங்கவில்லையாம். மூன்று பஸ், எண்ண முடியாத பைக், வேலைக்குப் போகிற ஜனம். சரியாக ஒன்பது மணிக்குத் திறந்துவிடப் போகிறார்களாம். கடைசியாக ஓடுகிற பெண்மணியை லாரியில் ஏற்றிவிடச் சொன்னார்கள்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவள் அந்தச் சந்திக்குப் போய்ச் சேர ஒன்பது எட்டு ஆகும். கெடுவுக்குள்தான் ஓடுகிறாள். ஆனால் எட்டு நிமிஷத்துக்கு முன்னாலேயே பாதையை அடைக்கிறார்கள்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "நீயே போய்ச் சொல்லுப்பா. உன் சம்சாரம்."

"மேஸ்திரி, மைதானத்து வாசல்ல போடுவோமே, இரட்டைக் கதவு. அதை அங்கே போட்டா?"

"அது ஆளுக்குப் போடறது. பஸ்ஸுக்கு யாரு போட்டா?"

"கதவைப் பெருசாப் போட்டா பஸ்ஸும் ஆளுதான்" என்றான் ஒட்டகம். அவன் எங்கள் குழுவில் இருக்கிறதிலேயே நெட்டையன். கழுத்து முதலில் வரும், ஆள் பிறகு வருவான்.

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. லாரியில இருக்கிற சைக்கிளை எவனோ எடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டான்னு நினைச்சுக்கிறேன். ஆனா லாரி நிக்காது, சொல்லிட்டேன்."

ஒட்டகம் மிதித்தான். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஆறு பேர்தான் மிச்சம். எட்டு பேர் தூக்குகிற இரும்பை அவர்கள் தலையில் கட்டிவிட்டு நாங்கள் பறந்தோம். காலியான அகலச் சாலை, இரண்டு பக்கமும் திட்டுகிற ஜனம், நடுவில் ஒரு ஓட்டைச் சைக்கிள். மனைவியைத் தாண்டும்போது அவள் திரும்பினாள்.

"எங்கே போறீங்க?"

"டீ குடிக்க!"

"வேலை நேரத்துலயா? வெட்கமா இல்லை?"

"அண்ணி, பேசாம ஓடுங்க, மூச்சு வாங்கும்!" என்றான் ஒட்டகம். அவனுக்கே வாங்கிக்கொண்டிருந்தது.

சந்தியை அடைந்தபோது ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம். போக்குவரத்துப் பெண் காவலர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அவர் குரல் ஏற்கெனவே போயிருந்தது.

"மேடம், திறங்க. வேண்டாம்னு சொல்லலை. ஆனா மொத்தமாத் திறக்காதீங்க."

"கொஞ்சமாத் திறக்கிற வித்தை எனக்குத் தெரியாதுப்பா. ஒரு பைக்கை விட்டா ஓராயிரம் வரும். அப்புறம் அந்தம்மா இதுக்குள்ள எப்படிப் போவாங்க?"

"கதவு போடறோம். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒண்ணு திறந்திருந்தா இன்னொண்ணு மூடியிருக்கும். இந்தப் பக்கத்துல இருந்து ஒரு வாய் கொள்ற அளவு வண்டியை நடுவுல விட்டு, மூடிட்டு, அந்தப் பக்கம் திறந்து வெளியே விடுவோம். அவ வர்றப்ப ரெண்டையும் மூடிடலாம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையில் நின்ற பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "இதுக்கெல்லாம் மீட்டிங் போடறீங்களே, நான் ஓய்வு பெற்றப்புறம் திறப்பீங்களா?" என்றார்.

"போடுங்க" என்றார் காவலர்.

அங்கே ஏற்கெனவே காவலுக்கு நின்ற எங்கள் ஆட்கள் நான்கு பேரும் கூடச் சேர்ந்தார்கள். பக்கத்துக்கு எட்டுத் தடுப்புகளை மாட்டி, ஒரு நுனியை விளக்குக் கம்பத்தோடு கயிற்றால் கட்டினோம். மறுநுனியை மூன்று பேர் தூக்கி இழுத்தால் எட்டும் சேர்ந்து கதவு போல அரைவட்டமாகச் சுழன்றது. இரும்பு தார் மீது தேய்ந்து போட்ட சத்தத்தில் பல் கூசியது.

முதல் வாய் முழுக்கப் பைக்குகள். உள்ளே வந்தன, மூடினோம், அந்தப் பக்கம் திறந்தோம், போய்விட்டன. திட்டிக்கொண்டிருந்த ஜனம் திட்டுவதை மறந்து வேடிக்கை பார்த்தது. அடுத்த வாய் எதிர்ப்பக்கத்திலிருந்து. பிறகு ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். சுழற்றச் சுழற்ற என் உள்ளங்கைத் தோல் உரிந்தது எனக்கே தெரியவில்லை.

ஒன்பது ஏழுக்கு மூன்றாவது பஸ்ஸை உள்ளே விட்டோம். சாலை நடுவில் வந்து, ஒரு குலுக்குக் குலுக்கி, நின்றுவிட்டது. டிரைவர் சாவியைத் திருகினார். இருமியது, எழவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் கதவு மூடும் இடத்திலேயே நின்றதால் கதவைச் சாத்த முடியவில்லை. அந்த இடைவெளியில் பைக்குகள் மூக்கை நுழைத்தன.

தெருக்கோடியில் அவள் தெரிந்தாள். சிவப்பு எண் அட்டை. அதே தாழ்வாரப் போக்கு. பின்னால் மஞ்சள் கொடி.

நான் இடைவெளியில் போய்க் குறுக்கே நின்றேன். ஒட்டகம் என் பக்கத்தில். இரண்டு ஆள் எதற்குக் காணும்? பைக்குகள் உறுமின.

"யோவ் டிரைவர்! எல்லாரையும் இறங்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

"எதுக்கு, தள்ளவா?"

"தள்ள வேண்டாம், நிக்கணும்! பின்னாடி வர்றது என் சம்சாரம். அவதான் கடைசி. அவ போறவரைக்கும் நின்னாப் போதும்!"

பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. பிறகு ஒரு பருத்த பெண்மணி, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். "அரை மணி நேரமா உட்கார்ந்து இடுப்பு செத்துப்போச்சு. நிக்கிறதுதானே, நிக்கலாம் வாங்க." அவர் பின்னாலேயே மொத்த பஸ்ஸும் இறங்கியது. இடைவெளியில் தோளோடு தோளாக நின்றார்கள். டிரைவர் நடுவில் நின்று பைக்காரர்களைப் பார்த்து, "மேல ஏத்திப் பாரு" என்றார். எவனும் ஏற்றவில்லை.

பஸ்ஸின் மூக்குக்கும் எதிர்க்கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்து இருந்தது. அவள் அங்கே வந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்னம்மா, இவ்வளவு மெதுவா வர்றே?" என்றார் டிரைவர்.

அவள் நிற்காமலே, நின்றுபோன பஸ்ஸை மேலும் கீழும் பார்த்தாள். "நான் உங்க பஸ்ஸை முந்திட்டேன்ல?"

அப்போது எழுந்த சிரிப்பும் கைத்தட்டலும் போல நான் எந்த மைதானத்திலும் கேட்டதில்லை. பைக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். காவலர் போன குரலில் என்னவோ கத்தினார். அவள் போய்விட்டாள். எதிர்க்கதவைத் திறந்து, இறங்கி நின்றவர்களோடு சேர்ந்து பஸ்ஸை அந்தப் பக்கம் தள்ளிவிட்டோம். இரண்டு நிமிஷம் கழித்து மஞ்சள் கொடி எங்களைக் கடந்தது. மேஸ்திரி என்னைப் பார்க்காமல், "டீ குடிச்சாச்சா?" என்றார்.

"ஆச்சு."

"அப்போ ஏறு. ரெண்டு கிலோமீட்டர் இரும்பு கிடக்குது."

தூக்கினோம். லாரியில் ஏற்றிவைத்த இருபது பேரில் கால் சரியாக இருந்தவர்கள் தாங்களும் இறங்கித் தூக்கினார்கள். லாரி நிமிஷம் பிசகவில்லை. அவளும் பிசகவில்லை. கடைசித் திருப்பத்தில் பெரிய கடிகாரம் தெரிந்தபோது ஒன்பது இருபத்தெட்டு. அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருவர் அடுக்கியதை அப்படியே போட்டுவிட்டு, மூடிய பெட்டியைக் கிழித்துப் பதக்கத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவள் கோட்டைத் தாண்டினாள். கழுத்தைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். லாரியிலிருந்த அத்தனை பேரும் தடுப்புகளின் மேல் தடதடவென்று தட்டினார்கள். நானும் தட்டினேன். கை எரிந்தது.

வீட்டுக்கு லாரியிலேயே போனோம். இரும்பு அடுக்கின் உச்சியில் அவளை உட்கார வைத்தோம். நாங்கள் கழற்றிவிட்ட தெருக்களில் ஊர் மறுபடி குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு பஸ் வந்து உரசியது. அதே டிரைவர். இருமி இருமி ஓட்டிவந்துவிட்டார். அவளைப் பார்த்ததும் ஹாரனை அழுத்தி நீளமாக அடித்தார். அவள் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"டீக் கிளாஸ் அவ்வளவு சூடா?"

"ரொம்பச் சூடு" என்றேன்.

சிக்னல் விழுந்தது. பஸ்ஸை முந்திக்கொண்டு லாரி கிளம்பியது. "சித்தப்பா, இன்னும் கொஞ்சம் மிதிங்க!" என்று அவள் வயதான லாரி டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்.