பின் மட்கார்டில் ஒரு பள்ளம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. அந்தப் பொய்யை எழுதியவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் பிஞ்ச்பெக் ஒரு பலகையும் பெயிண்ட் பேனாவுமாக என் சமையலறைக்குள் வந்தான். வாய்க்கால் பம்ப் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய ராணுவ வண்டிகளைத் தேடிப் பிடித்து, வாங்கி, சரிசெய்து ஓட்டுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். இங்கிலாந்தின் கிழக்கோரத்தில், எங்கள் லிங்கன்ஷரில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. கோடையில் ஏதாவதொரு வயலில் கண்காட்சி நடக்கும். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் அதன் வரலாற்றை எழுதிய பலகை நிற்கும். டெஸ்மண்டுக்கு ஸ்பேனர் பிடிக்க வரும், பேனா வராது. நான் கதை எழுதுகிறவன் என்று அவனுக்குத் தெரியும். அதுவும் தமிழில் எழுதுகிறேன் என்பதை அவன் ஒரு குறையாக நினைக்கவில்லை.

அவன் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினேன். 1941இல், உலகப் போருக்காகச் செய்த சிறு லாரி. உருளைக்கிழங்கு விவசாயி ஒருவரின் கொட்டகையில், சீட்டின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. தன் டிராக்டரைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டான். நான்கு வருடம் பாடுபட்டு ஓட வைத்தான். கடைசியாகச் சொன்னான்: "அநேகமா நார்மண்டி கடற்கரையில போய் இறங்கின வண்டின்னு போடு."

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். கடைசி வாக்கியம் நொண்டியது. 'அநேகமாக' என்ற சொல்லை அடித்தேன். நடை சீராகிவிட்டது. ஆறு கோடைகளில் பல்லாயிரம் பேர் அந்தப் பலகையைப் படித்திருப்பார்கள். என் புத்தகம் எதற்கும் அந்த யோகம் வாய்த்ததில்லை.

2

தொடக்கத்துக்குப் பல வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன்.

'மூடுபனி விலகியபோது அந்த லாரி...' (வேண்டாம். எங்கள் ஊரில் மூடுபனி வந்தால் மதியச் சாப்பாடு வரை விலகாது.)

'டெஸ்மண்டின் கைகளில் எப்போதும் கிரீஸ் வாசம்...' (இப்படித் தொடங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. தவிர, கை கழுவாமல் மேசைக்கு வந்தால் அவன் மனைவி கிளெண்டா தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.)

'ஒரு பள்ளம் இருந்தது.' இது பரவாயில்லை.

ஒரு பள்ளம் இருந்தது. லாரியின் பின் மட்கார்டில், இடப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு. டெஸ்மண்ட் அந்த லாரியில் நிமிர்த்தாத தகடு இல்லை, கழற்றாத போல்ட் இல்லை. பச்சை நிறம் சரியான பச்சையா என்று இரண்டு நண்பர்களோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டவன். அந்தப் பள்ளத்தை மட்டும் தொடவில்லை. குண்டு வெடித்துச் சிதறிய துண்டு பட்ட இடம் என்பது அவன் முடிவு. வாரம் ஒருமுறை அதற்கு மெழுகு போட்டுத் துடைப்பான். கண்காட்சிக்கு வருகிறவர்கள் பள்ளத்தில் விரலை வைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள்.

கிளெண்டா இருபது வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அவளுக்கு அந்தப் பள்ளத்தின் மேல் ஒருநாளும் மரியாதை இருந்ததில்லை.

"குண்டு பட்டா ஓட்டை விழும், கண்ணு," என்றாள் என்னிடம், அவன் காதில் விழும்படியாகவே. "இது ரிவர்ஸ்ல கேட்டுல இடிச்சது. நம்ம காரை நான் இடிச்சப்பவும் இதே அளவுதான். அப்ப இவன் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான். இதுக்கு மெழுகு போடறான்."

(அவள் உண்மையில் சொன்னது 'கண்ணு' இல்லை, 'வாத்து'. எங்கள் பக்கத்தில் பிரியமாகக் கூப்பிடுவதென்றால் வாத்துதான். அதை அப்படியே போட்டால் அவள் என்னோடு சண்டை போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.)

3

இப்போது கதைக்குள் சிக்கல் வந்தாக வேண்டும். வந்தது. நான் அழைக்காமலே வந்தது.

உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் தரையிறங்கியதன் எண்பதாம் ஆண்டு நிறைவுக்கு எங்கள் பகுதி வண்டிகள் நாற்பதும் கப்பலேறி அங்கே போவதாக ஏற்பாடு. ஒருங்கிணைப்பாளர் ராய்ஸ்டன் ஒரு விதி வைத்திருந்தார். போரின்போது உண்மையாகவே அங்கே போய் வந்த வண்டிதான் வரிசையின் முன்னால் போகும். அதன் முன் சீட்டில் வில்ஃப் ஆல்டர்ட்டன் உட்கார்ந்து வருவார். பத்தொன்பது வயதில் அந்தக் கடற்கரையில் இறங்கிய வில்ஃபுக்கு இப்போது தொண்ணூற்றொன்பது. ராய்ஸ்டன் என் பலகையைப் படித்தார், டெஸ்மண்டின் லாரியைத் தேர்ந்தெடுத்தார். டெஸ்மண்ட் அன்று சாப்பிடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரலில் முன்பக்கத் தகட்டுக்குப் புது பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தான். இங்கே அவனுடைய பழைய பாவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் கண்காட்சிக்கு நேரமாகிவிட்டதென்று அந்தத் தகட்டை மட்டும் சுரண்டாமல் விவசாயியின் நீல பெயிண்ட் மேலேயே பச்சையைப் பூசியிருந்தான். இந்தக் கூட்டத்தில் திருட்டைக்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். அதனால் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது முறையாகச் செய்தான். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, வட்டம் வட்டமாக, ஒவ்வொரு பூச்சாக. தன் பச்சை போயிற்று. நீலம் போயிற்று. அடியில் போர்க்காலப் பழுப்பு வரும் என்று காத்திருந்தவனுக்கு முதலில் வெள்ளை வந்தது. பிறகு வெள்ளையின் நடுவில் சிவப்பு. நேராக ஒரு கோடு இறங்கி, வலப்பக்கம் திரும்பியது.

எல்.

எல் போர்டு. அதன் கீழே ஒரு ராணுவ ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பெயர், வண்டி எண் ஏழு.

உப்புத்தாளைக் கீழே வைத்தான். நார்மண்டிக்குப் போய்விட்டுத் திரும்பிய பிறகு பயிற்சிக்குக் கொடுத்திருக்கலாம் அல்லவா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். ஆனால் பெயிண்டைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஏமாறுவது கஷ்டம். மறுபடி தேய்த்தான். பழுப்புக்கு அடியில் இன்னொரு எல். அதற்கும் அடியில், தொழிற்சாலைப் பச்சையின் மேல், இன்னொன்று. ஒவ்வொரு முறை பெயிண்ட் அடித்தபோதும் அந்த எழுத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். வண்டி முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கிளச் மிதிக்கத் தெரியாதவர்களைச் சுமந்து லிங்கன்ஷரையே சுற்றி வந்திருக்கிறது. கடலைப் பார்த்திருந்தால் அது இதே லிங்கன்ஷரின் ஸ்கெக்னஸ் கடற்கரையாக இருக்கும்.

எழுந்து பின்பக்கம் போனான். ஆறு வருடம் மெழுகு போட்ட பள்ளத்தைப் பார்த்தான். அது கேட் இடித்த தடம். சந்தேகமே இல்லை. கிளெண்டாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவனுக்கு முதலில் தோன்றிய கவலை.

4

இந்த இடத்தில் டெஸ்மண்டின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவனாக ஒருவன் கதையில் இருந்தால் வாசகர் நம்புவாரா? அவன் என்னிடம் கத்தியிருக்க வேண்டும். கத்த வைத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தேன். நடந்தது இதுதான்: கையில் பலகையோடும் பாதி வெட்டிய பிளம் கேக்கோடும் வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். பிறகு பலகையை என் பக்கம் திருப்பினான்.

"அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேனே, அதை எங்க வெச்சிருக்க?"

நடைக்காக எடுத்தேன் என்று வாய் வரை வந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை. எழுத வந்த நாளிலிருந்து இத்தனை வெட்கம் எனக்கு வந்ததில்லை.

அவனே சொன்னான், ஓர் எழுத்தின் மேல் ஒரு கோட் பெயிண்ட் அடிக்கப் பத்து நிமிடம் போதும். அப்புறம் யாருக்கும் தெரியாது. அடிக்காவிட்டால் ராய்ஸ்டனுடைய சொந்த வண்டி முன்னால் போகும், தன்னுடையது நாற்பதாவதாகப் போகும், அல்லது போகவே போகாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வில்ஃப் வருகிறார். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

5

முடிவுகள். என்னிடம் தாராளமாக இருக்கின்றன.

(அ) பெயிண்ட் அடித்துவிடுகிறான். வரிசையின் முன்னால் போகிறான். கப்பலில் யாரிடமும் பேசாமல் வருகிறான். இதை எழுத எனக்கு இரண்டு நாள் போதும். ஆனால் அவன் என் பக்கத்து வீட்டுக்காரன்.

(ஆ) கேட்டில் இடித்தது கிளெண்டாவின் அம்மா! பதினெட்டு வயதில், ராணுவச் சீருடையில், அந்தப் பள்ளியில்தான்... மூன்று பக்கம் எழுதிவிட்டேன், கண்ணில் நீர் வரும்படி. கிளெண்டாவுக்கு இங்கிலீஷில் சொல்லிக் காட்டினேன். "எங்கம்மா சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டினதில்ல. அவளை ஏன் இழுக்கற?" என்றாள். அடித்தாயிற்று.

(இ) கிளெண்டா சொன்னது. அவள் கேலி செய்வாள் என்று பயந்துகொண்டே அவன் அந்த எல் எழுத்தைக் காட்டியபோது, அவள் சிரிக்கவில்லை. தகட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். "அங்க போய் வண்டி ஓட்டின பசங்க எல்லாம் எங்கேயோ கத்துக்கிட்டுத்தானே போயிருப்பாங்க?" என்றாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று போய்விட்டாள். இது முடிவு இல்லை. ஆனால் இதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

6

ஞாயிறு காலை பதினோரு மணி. டெஸ்மண்ட் முன்பக்கத் தகட்டின் மேல் ஒரு தார்ப்பாய்த் துண்டைத் தொங்கவிட்டிருந்தான். பெயிண்ட் அடித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. (நிஜமாகவே தெரியாது. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.) என் பலகையைச் சுரண்டிக் கழுவிச் சுவரில் சாய்த்திருந்தான். அதில் ஓர் எழுத்தும் இல்லை.

ராய்ஸ்டன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வில்ஃப் சிறிய மனிதர், பெரிய காதுகள். லாரியைச் சுற்றிக் காட்டச் சொன்னார். பின் மட்கார்டு அருகே கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பள்ளத்தில் கட்டைவிரலை வைத்தார். மற்றவர்களைப் போல மௌனமாக நிற்கவில்லை.

"இந்த அடியை வண்டி எங்க வாங்கிட்டு வந்துச்சுப்பா?"

ராய்ஸ்டன் பதில் சொல்ல வாயெடுத்தார். வில்ஃப் அவரைக் கையமர்த்திவிட்டு டெஸ்மண்டையே பார்த்தார். டெஸ்மண்ட் பக்கத்தில் நின்ற கிளெண்டாவைப் பார்த்தான். தார்ப்பாயைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், பேனாவைக் கேட்கிறவனைப் போல. நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"அநேகமா..." என்றான்.

இந்த முறை அந்தச் சொல்லில் நான் கை வைக்கவில்லை. பலகை சுவரோரம் இருக்கிறது, துடைத்தாயிற்று. வில்ஃப் இன்னும் கட்டைவிரலை எடுக்கவில்லை. அடுத்த சொல் உங்களுடையது.